சைன்யத்துக்கு இட்ட வேலை

பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூருக்குள் பிரவேசிக்கிற ஒருவர், சில மைல் தூரத்துக்குள்ளாகவே, கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தாங்கிய உணவு விடுதிகளையும், 1991 மே 21-ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தி வெடிகுண்டுக்கு இரையான இடத்தில் எழுப்பப்பட்ட நினைவிடத்தையும் பார்த்துவிடலாம். கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கு ஷிப்டுக்குப் போகிற இளைஞர்களுக்கு இவை வழியில் வந்துபோகும் காட்சிகள் மட்டுமே. ஆனால் சுதந்திர பாரதம் அயல்நாட்டு யுத்தகளத்துக்குத் தன் சைன்யத்தை அனுப்பிய இரண்டு சந்தர்ப்பங்களை இந்தச் சாலை அருகருகே வைத்திருக்கிறது.

முதலாவது, நாம் அநேகமாக மறந்துவிட்டது. 1950 ஜூனில் வட கொரியா தெற்கே படையெடுத்தபோது அதைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, அடுத்த மாதம் அமெரிக்கத் தலைமையில் கூட்டுச் சேனை அமைக்கும் தீர்மானம் வந்ததும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. துப்பாக்கி ஏந்திய பட்டாளத்துக்குப் பதிலாக நேரு அனுப்பியது 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. முந்நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரே நம் பக்கத்து ஊரைச் சொல்லிவிடுகிறது. நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கிய அவர்கள், சீனப் படை புகுந்து கூட்டுச் சேனை பின்வாங்கிய டிசம்பரில், பியோங்யாங்கில் வாகனமின்றி நின்றார்கள். சிகிச்சைச் சாமான்களைப் போட்டுவிட்டு ஓட மனமில்லாமல், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாய்த் தண்ணீர் மொண்டு கொதிகலனை நிரப்பி, பாலங்கள் தகர்க்கப்படுமுன் அந்த ரயிலைத் தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களோடு இவர்களில் பன்னிருவர் குதித்தனர். இன்னொரு பகுதியினரோ தேகுவில் ஊர் ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அந்த நன்றியினால்தான் 1996-இல் ஹூண்டாய் இங்கே வந்தது என்று மேடையில் யாரேனும் பேசினால் நம்பவேண்டியதில்லை. மோட்டார் கம்பெனிகள் நிலத்தையும் சலுகையையும் துறைமுகத்தையும் பார்த்து வருகின்றன.

யுத்தம் நின்றபின் இட்ட வேலை இதைவிடக் கடினமானது. ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளைக் காவல் காக்க 1953-இல் இந்தியப் படை சென்றது; நடுநிலை ஆணையத்துக்கு ஜெனரல் திம்மய்யா தலைவர், காவற்படைக்கு மேஜர் ஜெனரல் தோரட். இந்தியச் சிப்பாய் தம் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ ஆக்ஷேபித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் நடுநிலைப் பிரதேசத்தில் இறக்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பலாமென்று கைதிகளுக்கு விளக்கம் சொல்லும் காரியம் பாதிகூட நிறைவேறவில்லை. ஆயினும் குறித்த தவணை முடிந்ததும், 1954 ஜனவரியில், திம்மய்யா அவர்களைப் பிடித்தவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். இரு தரப்பும் ஏசின. எந்தப் பக்கமும் போக விரும்பாத 88 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் சென்னைக்கு வந்தது. ஹூண்டாய் கார்கள் கப்பலேறுகிற துறைமுகத்தில், அந்தக் கம்பெனி வருவதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே கொரியர்கள் வந்திறங்கிய கதை அது.

இரண்டாவது சந்தர்ப்பத்தை விவரிக்க வேண்டியதில்லை. 1987 ஜூலை 29-ஆம் தேதி ராஜீவ் காந்தி கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி இலங்கைக்குச் சென்ற படைக்குச் சண்டை நிற்கிறதா, ஆயுதங்கள் ஒப்படைக்கப்படுகின்றனவா என்று பார்ப்பதே வேலை. அக்டோபர் பிறந்ததும் ஆயுதங்களைப் பிடுங்குவது வேலையாயிற்று. தமிழரைக் காக்கப் போனதாகச் சொல்லப்பட்ட சைன்யம் தமிழ் இளைஞரோடு பொருதியது. அந்த மாதம் 21-ஆம் தேதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுடப்பட்டு மாண்டனர். மருந்துப் பெட்டிகளுக்காக ரயில் ஓட்டிய அதே ராணுவத்தின் சரித்திரத்தில் இதுவும் ஒரு பக்கம். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜவான்களைப் பறிகொடுத்து, முப்பத்திரண்டு மாதம் கழித்து 1990 மார்ச்சில் படை சென்னையில் இறங்கியபோது, வரவேற்கப் போவதில்லையென்று முதலமைச்சர் கருணாநிதி இருந்துவிட்டார்.

கொரியாவுக்கு ஐ.நா. தீர்மானம் இருந்தது, இலங்கைக்கு அந்நாட்டு அரசாங்கத்தின் சம்மதம் இருந்தது. ஆகவே அனுமதிப் பத்திரம் இல்லாததால் ஒன்று கெட்டது என்று வாதிப்பதற்கில்லை. சிறிய மருத்துவப் பிரிவையும் பெரும் படையையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். அதனால்தான் காவற்படையைச் சொன்னேன். அங்கேயும் பகையும் வன்முறையும் சூழ்ந்திருந்தன, சைன்யத்தைத் தத்தம் பக்கம் இழுக்கும் நிர்ப்பந்தமும் இருந்தது. அங்கே வேலைக்கு எல்லையும் தவணையும் எழுத்தில் இருந்தன. முடியாத வேலையைக் கீழே வைத்துவிட்டு வரத் தலைவருக்குத் துணிவிருந்தது. யாழ்ப்பாணத்திலோ வேலையே இடையில் மாறிவிட்டது. மாறியதைப் புது யுத்தமென்று ஒப்புக்கொண்டு தேசத்தைக் கேட்டவர் இல்லை.

ஈராக்கை ஆக்கிரமித்த அமெரிக்கா 2003-இல் ஒரு டிவிஷன் படையைக் கேட்டபோது, ஜூலை 14-ஆம் தேதி வாஜ்பாய் அரசாங்கம் மறுத்தது சரியான தீர்மானமே. ஆனால் அது சொன்ன காரணம் எனக்குத் திருப்தியளிக்கவில்லை. ஐ.நா.வின் தெளிவான ஆணை வந்தால் ஆலோசிக்கலாம் என்று கதவை ஒருக்களித்து வைத்தார்கள். 1950-இல் அந்த ஆணை நேருவின் மேஜைமேல் கிடந்தது; அதைப் படித்துவிட்டுத்தான் அவர் டாக்டர்களை அனுப்பினார்.