மென்மையும் ஓர் உறுதியே!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கடினமானதெல்லாம் உறுதியானது, மென்மையானதெல்லாம் பலவீனமானது என்று எண்ணுவது மனித இயல்பு. கடையில் ஒரு பொருளை அழுத்திப் பார்த்து வாங்கும்போது நம் விரல்களை வழிநடத்துவதும் இந்த எண்ணமே. இது எவ்வளவு தூரம் சரி என்பதை ஒரு சிறு பொருளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் சஸ்பென்ஷனில், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ‘புஷ்’தான் அப்பொருள். நம் கல்லூரி மலரில் காருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நாம் படிக்கும் மீள்தன்மைப் பாடம் முழுவதும் அந்தக் கையளவு உருளைக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பதே என் பதில்.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி. என்னும் காரைக் கொள்வோம். இங்கிலாந்தில் அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான இக்கார்கள் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை. இன்றும் பலர் அவற்றைப் பழுதுபார்த்துப் போற்றி ஓட்டி வருகின்றனர். அக்காரின் முன்சக்கரத்தைத் தாங்கும், ‘விஷ்போன்’ எனப்படும் கவட்டை வடிவக் கை, முன் குறுக்குச் சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ்கள் உள்ளன. பின் அச்சைத் தாங்கும் வில்பட்டைகளின் இரு முனைகளிலும் அவ்வாறே. ஐம்பது ஆண்டுகளில் இந்த ரப்பர் வெடிக்கிறது. எண்ணெய் பட்டு உப்புகிறது. ஓடாமல் நிற்கும் காரிலும்கூடக் காற்றிலுள்ள ஓசோனால் கீறல் விடுகிறது. ஆகவே மாற்றியே தீரவேண்டும். எதைக் கொண்டு மாற்றுவது? இங்கேதான் கருத்து வேறுபாடு பிறக்கிறது.

“பழைய ரப்பரைத் தூக்கி எறி, எல்லா இடத்திலும் பாலியூரிதீன் போடு” என்பது இன்று ஓங்கி ஒலிக்கும் குரல். பாலியூரிதீன் 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்த பொருள். ஷோர் ‘ஏ’ அளவுகோலில் ரப்பர் புஷ்ஷின் கடினம் பெரும்பாலும் 50 முதல் 65 வரை இருக்கும். பாலியூரிதீனோ 70 முதல் 95 வரை செல்லும். எண்ணெய்க்கு அஞ்சாது, வளைவுகளில் சக்கரம் தன் கோணத்தை விட்டு எளிதில் விலகாது, ஸ்டீயரிங் திருப்பியவுடன் கார் திரும்பும். இவை யாவும் உண்மையே. ஆயினும், ‘எல்லா இடத்திலும்’ என்ற சொல்லைத்தான் நான் மறுக்கிறேன்.

ரப்பர் செய்யும் வேலையைச் சற்றே கவனியுங்கள். ரப்பரின் பாய்சான் விகிதம் ஏறத்தாழ 0.5. அதாவது, அழுத்தினால் அதன் வடிவம் மாறுமே தவிரக் கன அளவு மாறாது. இரு எஃகுக் குழல்களுக்கு இடையே மெல்லிய அடுக்காக ஒட்டப்பட்ட ரப்பர், பக்கவாட்டில் நசுங்குவதற்கு இடமின்றிக் கடினமாக எதிர்க்கும். முறுக்கினாலோ இளகிக் கொடுக்கும். ஒரே பொருள் ஒரு திசையில் கல்லாகவும் மறு திசையில் பஞ்சாகவும் நடந்துகொள்கிறது. கை மேலும் கீழும் அசையும்போது எந்தப் பரப்பும் மற்றொன்றோடு உராய்வதில்லை. ரப்பர் தனக்குள்ளேயே முறுகி மீள்கிறது. எனவே கிரீஸும் தேவையில்லை. அதோடு, சுமை ஏறும்போது உட்கொண்ட ஆற்றல் முழுவதையும் இறங்கும்போது ரப்பர் திருப்பித் தருவதில்லை. ‘தயக்கம்’ என்று பாடநூல் கூறும் அந்தக் கண்ணியின் பரப்பளவு வெப்பமாக மாறுகிறது. சாலையின் அதிர்வு ஓட்டுநரின் முதுகெலும்பை அடையுமுன் இவ்வாறே தணிகிறது.

பாலியூரிதீன் புஷ்ஷோ பெரும்பாலும் எஃகுக் குழலின் மேல் வழுக்கிச் சுழல்வது. அதற்கு உரிய சிலிக்கோன் கிரீஸ் வேண்டும், வறண்டால் கிறீச்சிடும். நேராகச் சுழலும் இடத்தில் அது நன்றாகவே உழைக்கும். காரின் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஆண்டி-ரோல் கம்பி அப்படிப்பட்ட இடம். முன் விஷ்போனிலும் கவனமாகப் பொருத்தினால் பழுதில்லை. பின் வில்பட்டையின் கதை வேறு. எம்.ஜி.பி.யின் பின் அச்சைப் பிடித்து நிறுத்துபவை அந்த வில்பட்டைகள் மட்டுமே. வளைவில் கார் சாயும்போது பட்டையின் கண் சுழல்வதோடு நில்லாமல் பக்கவாட்டிலும் திருகப்படுகிறது. ரப்பர் அத்திருகலுக்கு இணங்கும். கடின புஷ் மறுக்கும். மறுக்கப்பட்ட விசை மறைந்துவிடுமா? வில்பட்டையையும், அதைத் தாங்கும் பழைய தகட்டையும் அது தாக்கும். எம்.ஜி.பி.க்குத் தனி அடிச்சட்டம் கிடையாது; உடற்கூடே சட்டம். துருவோடு போராடிக்கொண்டிருக்கும் அக்கூட்டில் விரிசல் விழுந்தால், புஷ் மாற்றுவது போல எளிதில் மாற்றிவிட முடியுமா?

டெல்ரின், கோளத் தாங்கி என்று இன்னும் கடினமானவற்றை நாடுவோரும் உண்டு. பந்தயத் திடலில் அவற்றுக்கு இடம் உண்டு. அன்றாடச் சாலையிலோ ஒவ்வொரு கல்லையும் அவை ஓட்டுநருக்கு எண்ணிக் காட்டும்.

“இன்று சந்தையில் கிடைக்கும் ரப்பர் புஷ்கள் ஓராண்டுகூடத் தாங்குவதில்லையே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அது தரம் குறைந்த ரப்பரின் குற்றமேயன்றி ரப்பர் இனத்தின் குற்றமன்று. மேலும், பொருத்துவதிலும் கவனம் வேண்டும். வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரம் தொங்கும் நிலையில் நட்டை இறுக்கினால், தரையில் இறக்கியதும் ஒட்டு ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ்நாளைக் கழிக்கும், விரைவில் கிழியும். வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். காரைச் செய்தவர்களே ஒரு நடுவழி காட்டியிருக்கிறார்கள். 1973-இல் வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரின் முன் விஷ்போனுக்கு, எஃகுக் குழல் பொருந்திய ஒரே துண்டு ரப்பர் புஷ்ஷை அமைத்தனர். சாதாரண எம்.ஜி.பி.க்கும் அது பொருந்தும். இன்றும் பலர் விரும்பி மாற்றிக்கொள்வது அதைத்தான். என் வாக்கும் அதற்கே: முன்னே வி8 புஷ், பின்னே நல்ல ரப்பர், ஆண்டி-ரோல் கம்பிக்குப் பாலியூரிதீன்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தை லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். எம்.ஜி.பி.யை அவர் கண்டதில்லை. பாய்சான் விகிதமும் அறியார். “மொதல்ல அது எப்படி அசையுதுன்னு பாருடா, அப்புறம் புஷ் வாங்கலாம்” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. லாரியின் வில்பட்டைக்கு வெண்கல புஷ் அடித்துக் கிரீஸ் ஏற்றும் அதே கை, வேனுக்கு ரப்பர் புஷ்ஷைத் தேடி எடுக்கும். எம்.ஜி.பி.யிலும், முன்சக்கரம் திரும்பும் கிங்பின்னுக்கு வெண்கலம், விஷ்போனுக்கு ரப்பர் என்று பிரித்து வைத்தவர்கள் அபிங்டன் பொறியாளர்கள். பட்டறையும் வகுப்பறையும் ஒரே உண்மையை இரு மொழிகளில் பேசுகின்றன. இரண்டையும் கேட்கும் வாய்ப்பு பெற்றவர்கள் நம் போன்ற மாணவர்கள்.

எனவே, நண்பர்களே! புதியது என்பதற்காகவோ கடினமானது என்பதற்காகவோ ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது நிற்கப்போகும் இடத்தையும், அங்கே வரும் விசையையும், அது கொடுக்க வேண்டிய நெகிழ்வையும் முதலில் அளந்து பார்ப்போம். நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழ்வதும் உறுதியின் பாற்பட்டதே.