உடற்பயிற்சிக் கருவியும் துணிக்கொடியும்

நம் இல்லங்களில் இன்று புதுவகைத் துணிக்கொடி ஒன்று தோன்றியுள்ளது. அதற்கு மின்னிணைப்பு உண்டு. வேகங்காட்டும் பலகை உண்டு. விலையோ பல்லாயிரம் ரூபாய். அதன் கைப்பிடியில் ஈரத்துண்டு தொங்கும். நடைபட்டையின் மேல் மடிக்காத துணி குவிந்திருக்கும். பக்கத்தில் பழைய செய்தித்தாள் கட்டு சாய்ந்திருக்கும். டிரெட்மில் என்று ஆசையோடு வாங்கிய நடைப்பொறியே அது. இக்காட்சியைக் கண்டு நகைப்போர் பலர். நாமும் நகைத்தவர்களே. ஆயினும் நகைப்பு அடங்கியபின் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று அதில் அடங்கியுள்ளது.

இக்கருவியின் வரலாறே விந்தையானது. 1818ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர், சிறைக் கைதிகளுக்கென மிதிசக்கரம் ஒன்றை வடிவமைத்தார். கைதிகள் படியேறுவதுபோல் அதனை மணிக்கணக்கில் மிதித்தனர். ஏறிக்கொண்டேயிருந்தும் எங்கும் சென்று சேரவில்லை. 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்திற்குப்பின் அக்கொடுமை வழக்கொழிந்தது. பின்னர், அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட ‘ஏரோபிக்ஸ்’ என்னும் நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர், வீட்டில் வைத்து நடப்பதற்கேற்ற எளிய பொறியை உருவாக்கினார். தண்டனையாகப் பிறந்தது மருந்தாயிற்று. அம்மருந்து நம் வீட்டில் துணிக்கொடியாயிற்று!

உரலும் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த வீட்டில் தனியே உடற்பயிற்சி தேவைப்படவில்லை என்பர். அவற்றிற்குத் திரும்புக என்று நாம் கூறமாட்டோம். அவ்வுழைப்பின் சுமை முழுவதும் பெண்களின் தோளிலன்றோ இருந்தது! மாவரைக்கும் இயந்திரம் அச்சுமையைக் குறைத்தது நன்றே. ஆனால் குறைந்த உழைப்புக்கு ஈடாக உடல் எதையேனும் கேட்கிறது. அக்கேள்விக்கு விடையாகவே கடைத்தெருவில் இக்கருவிகளை வாங்கினோம். 2020இல் ஊரடங்கு வந்து உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டபோது, வீட்டிலேயே பயிற்சி செய்யலாமென்று வாங்கியவர்களும் உண்டு. கதவுகள் திறந்தபின் கருவிகள் மட்டும் வீட்டு மூலையில் தங்கிவிட்டன.

பயன்படாத பொருளைப் பிறிதொரு பயனுக்கு ஆக்குவது குற்றமாகுமா? ஆகாது, சிக்கனமே ஆகும். டம்பெல்கள் அடுக்கிய இரும்புத் தாங்கியில் காலணிகளை வரிசையாக வைக்கலாம். நீண்ட பயிற்சிப் பலகை, விருந்தினர் அமரும் இருக்கையாகும். கதவு நிலையில் பொருத்திய தொங்குகம்பியில் சட்டைகளை மாட்டலாம். யோகாசனப் பாயை அளவாக வெட்டிப் பாத்திர அலமாரியின் தட்டுகளில் விரித்தால் பாத்திரங்கள் வழுக்கா. இவையெல்லாம் நல்ல முயற்சிகளே.

நடைப்பொறி மட்டும் இவ்வரிசையில் சேராது. அதில் மோட்டார் உண்டு. ஓடும் பட்டை உண்டு. மேலே துணி கிடக்க, குழந்தை விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினால் துணியோடு விரலும் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே அது சும்மா நிற்கும் நாளில் மின்செருகியைக் கழற்றிப் பாதுகாப்புச் சாவியை எட்டாத இடத்தில் வைத்தல் இன்றியமையாதது.

இனி நாம் சொல்ல வந்த கருத்துக்கு வருவோம். அந்தக் கருவி யாருக்காக வாங்கப்பட்டது? பெரும்பாலும், “நாள்தோறும் நடக்க வேண்டும்” என்று மருத்துவர் அறிவுறுத்திய ஒருவருக்காக. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து, 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிடுகிறது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்புக் கொள்ள வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வழங்கிய அறிவுரை. கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 நிமிடமே! அந்த 22 நிமிடமும் கிடைக்காமற் போவதேன்?

சோம்பல் என்று விடையிறுப்பது எளிது. கருவியின்மேல் குவிந்த துணியைச் சற்று உற்றுநோக்குக. அதைத் துவைத்தவர் யார்? மடிக்கப் போகிறவர் யார்? பல வீடுகளில் அவர் தாயே. நடக்க வேண்டியவரும் அவரே! விடியலில் அடுக்களை, பகலில் பணி, இரவில் ஆறுபேரின் துணி. மடித்து முடிக்கும்வரை கருவியில் இடமில்லை. முடித்தபின் அவர் உடலில் வலுவில்லை. அவரைப் பார்த்து, “வாங்கிக் கொடுத்தோம், நடக்கவில்லை” என்று குறைகூறுகிறோம். கருவி வாங்கிய நாம் நேரம் வாங்கித் தரவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆதலால் நாம் முன்வைப்பது இதுவே. மூன்று திங்கள் தீண்டப்படாத கருவி வீட்டில் இருந்தால் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து பேசுக. அது தேவையற்றதாயின் பயன்படுத்துவோர்க்கு வழங்குக. மாணவர் விடுதிகளும் இயன்முறை மருத்துவ நிலையங்களும் கேட்டுப் பெற்றுக்கொள்ளக்கூடும். வழங்குமுன் அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்க. பழுதானதைப் பிறர் வாயிலில் இறக்குவது கொடையாகாது. பழுதாயின் மின்னணுக் கழிவு பெறுவோரிடம் சேர்க்கவும்.

அக்கருவி தேவைப்படும் ஒருவர் வீட்டில் இருப்பாராயின் அதனை அலமாரியாக்க நமக்கு உரிமையில்லை. துணிக்கு வேறிடம் காண்க. சுவரில் இரண்டு பலகை அடித்தாலும் போதுமே! இளைய மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம்: உங்கள் துணியை நீங்களே மடித்து வையுங்கள். அது சிறு வேலையே. ஆனால் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் துணியை எடுத்துக்கொண்டால், மாலைக்குள் அந்தக் கருவி வெறுமையாகும். தாய்க்கும் அரைமணி நேரம் மிஞ்சும்.

அந்த அரைமணியில் அவர் பொறியில் நடக்கட்டும்; தெருவில் நடப்பதே அவருக்கு விருப்பமாயின் உடன் நாமும் நடப்போம்.