முதலில் தொகை, பிறகு கடற்கரை

நண்பர்களோடு வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போவதைப் பற்றி ஓர் ஆய்வு மாணவன் இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எழுதத்தான் வேண்டும். தில்லியில் ஐந்தாண்டுகளாக இருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் ஏதேனும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் டிசம்பர் விடுமுறைக்கான கடற்கரைப் பேச்சு எழுகிறது. ஒவ்வொரு முறையும் அக்குழுவிலிருந்து ஒருவரோ இருவரோ ஓசையின்றி விலகுகிறார்கள். விலகுபவர் யார் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் எங்கள் ஒன்பது பேர் குழுவில் வாக்கெடுப்பை வைத்தவன் நானே. ஃபூகெட், பாலி, இலங்கையின் மிரிஸ்ஸ என்று மூன்று தெரிவுகள். தாய்லாந்து அதற்கு முந்தைய ஆண்டின் நவம்பரிலேயே இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்திருந்தது. ஃபூகெட் எளிதாக வென்றது. வாக்களிக்காதவர் ஒரே ஒருவர். கடல் இல்லாத மாநிலத்தில் பிறந்து, அதுவரை கடலையே பார்த்திராத தோழி அவர். அதற்கு முந்தைய வாரம் விடுதிகளின் வாடகையை ஒப்பிட்டு ஓர் அட்டவணையைக் குழுவில் இட்டவரும் அவரே. முடிவு வந்த மறுநாள், “கள ஆய்வுக்குப் போக வேண்டியிருக்கிறது, நீங்கள் எல்லோரும் மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்” என்று எழுதிவிட்டு விலகினார். நாங்கள் இதயக் குறிகளை அனுப்பினோம். (அவருடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன். ஊரையும் துறையையும் சொல்ல வேண்டாம் என்றார்.)

அவருக்குக் கள ஆய்வு ஏதுமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அக்டோபரில்தான் நிர்வாகக் கட்டடத்தின் முன் அவரும் நானும் ஒரே பதாகையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, ஐந்து மாத உதவித்தொகை நிலுவையைக் கேட்டு முழக்கமிட்டோம். நெட் அல்லாத உதவித்தொகை முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுகளுக்கு மேலாக அந்த எண் அசையவில்லை. எங்கள் பயணத்தின் தலைக்கணக்கு 60,000 ரூபாயைத் தொட்டது. ஏழரை மாத உதவித்தொகை, அதுவும் வந்தால். பதாகையை மடித்து வைத்த கையாலேயே வாக்கெடுப்பை வைத்திருக்கிறேன்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஓர் அமைப்பு பிழைபடும்போது அதன் உறுப்பினர் குரல் எழுப்பலாம், அல்லது வெளியேறலாம் என்பது அவருடைய வாதத்தின் அடிப்படை. நம் நட்புக் குழுக்களில் குரலுக்கு இடமே வைப்பதில்லை. “என்னிடம் பணமில்லை” என்று எட்டுப் பேர் முன்னிலையில் எழுதுவதுதான் அங்கே குரல் என்றால், யார் எழுதுவார்? ஆகவே வெளியேறுகிறார்கள். வெளியேற்றத்துக்கு ஒரு கௌரவமான காரணமும் தேவைப்படுகிறது. கள ஆய்வு, வழிகாட்டியின் அழைப்பு, உறவினர் திருமணம். நம் வளாகங்களில் டிசம்பரில் நடக்காத திருமணங்களின் எண்ணிக்கை மிகப் பெரிது.

இதில் முதன்மையான ஏமாற்று வாக்கியம் ஒன்று உண்டு: “கோவாவைவிட ஃபூகெட் மலிவு.” ஒவ்வொரு குழுவிலும் யாரோ ஒருவர் இதைச் சொல்வார்; விமானக் கட்டணத்தின் திரைப்பிடிப்பையும் இடுவார். ஒப்பீடு கட்டணத்தோடு நின்றுவிடும். கடவுச்சீட்டு இல்லாதவருக்கு அதற்கான 1,500 ரூபாய் கணக்கில் வராது. அவசரமென்றால் தத்கால் முறையில் மேலும் 2,000. விடுதி முகவரியில் காவல்துறைச் சரிபார்ப்பு என்றால் எத்தனை நாள் அலைச்சல் என்பதும் வராது. குடிநுழைவு அதிகாரி கேட்டால் காட்டுவதற்குக் கையில் வைத்திருக்க வேண்டிய பணம், செலவழிக்காவிட்டாலும், யாரிடமாவது கடனாக வாங்கியதாக இருக்கும். ஃபி ஃபி தீவுகளுக்குப் போனால் தேசியப் பூங்கா நுழைவுக்கு வெளிநாட்டவர் 400 பாட் தர வேண்டும், படகுக்கு வேறு. முகவரிடம் தொகுப்பாகப் பதிவு செய்தால் அந்த ஆண்டில் 5 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்கப்பட்டது. வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவர் வரித்துறையிடமிருந்து தன் பணத்தைக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைத்தான் அப்படி எளிதாகச் சொன்னார்கள். கோவாவுக்கு இரயிலில் படுக்கை வகுப்பில் போகலாம் என்பதை மட்டும் யாரும் ஒப்பிடவில்லை. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட கோவாவே விமானத்தில் போகும் கோவா.

பிறகு சமப் பங்கீடு. எட்டுப் பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வோம் என்பது காதுக்கு இனிமையாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடன் அட்டையில் ஒருவர் முதலில் செலுத்திவிடுவார்; செயலி ஒவ்வொருவருடைய பாக்கியையும் காட்டும். மது அருந்தாதவரும் மதுக் கணக்கில் பாதி இரவைச் சுமப்பார். ஆழ்கடல் மூழ்கலுக்குப் போகாமல் கரையில் துணிகளைக் காவல் காத்தவர், “பரவாயில்லை, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல வேண்டியிருக்கும். நான் பார்த்தேன். அவர் சொன்னார், நாங்களும் சேர்த்துக்கொண்டோம்.

நெட் அல்லாதவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஜே.ஆர்.எஃப். பெறுபவர் எல்லோருக்கும் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் ஒருவருக்கு அது கைச்செலவு. இன்னொருவருக்கு அது ஒரு குடும்பத்தின் வருமானம். வீட்டின் முதல் பட்டதாரி, தம்பியின் கல்லூரிக் கட்டணத்தையும் தாயின் மருந்தையும் அதிலிருந்து அனுப்புகிறார். வருமானச் சான்றிதழில் இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். சாதியும் வர்க்கமும் நம் ஆய்வேடுகளில் இயல்தோறும் வருகின்றன. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எப்படி மறைந்துவிடுகின்றன? பெண்களுக்கு இன்னொரு விலையும் உண்டு. எங்களோடு வந்த ஒரு தோழி வீட்டில் பாங்காக்கில் கருத்தரங்கம் என்று சொல்லியிருந்தார். ஆறு நாளும் ஒரு புடவையைப் பெட்டியில் வைத்திருந்தார், காணொலி அழைப்பு வந்தால் உடுத்த.

மறுப்புகளை அறிவேன். “ஒருவரால் முடியாது என்பதற்காக எட்டுப் பேரும் போகாமல் இருக்க வேண்டுமா?” வேண்டாம். தாராளமாகப் போங்கள். ஆனால் முடிந்தவர்கள் நால்வர் தனியாகப் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். எல்லோரும் இருக்கும் குழுவில் வைத்து, மௌனத்தைச் சம்மதமாக எண்ணி, அதை ‘நம் பயணம்’ என்று அழைக்காதீர்கள். “அவருக்கு நாம் சேர்ந்து கொடுத்துவிடலாமே” என்பது இன்னும் மோசம். அடுத்த கருத்தரங்கில் உங்கள் கட்டுரையைக் கடுமையாக விமர்சிக்க அவரால் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு பக்கத்திலிருந்து, மக்கள் வரிப்பணத்தில் படிப்பவர்களுக்குக் கடற்கரை எதற்கு என்று உபதேசிக்கும் மூத்தவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வாளருக்கும் கடல் வேண்டும். என் தோழிக்கும் வேண்டும் என்பதே என் வாதம்.

வழி கடினமானதன்று. இடத்தைப் பற்றிப் பேசும் முன் தொகையைக் கேளுங்கள்; அதையும் குழுவில் கேட்காதீர்கள். வர விரும்பும் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற உச்சத் தொகையைத் தனிச் செய்தியில் ஒருவருக்கு அனுப்பட்டும். அவற்றுள் மிகக் குறைந்ததே எல்லோருக்கும் வரம்பு. அந்த எண் மட்டும் குழுவில் வரட்டும், பெயர் வரக் கூடாது. இடமும் பருவமும் அதற்குப் பின். அப்போது திட்டமிடலே வேறாகிவிடும். ஃபூகெட் இருக்கும் அந்தமான் கடலோரத்துக்கு டிசம்பர் உச்சப் பருவம், எல்லாம் விலையேறியிருக்கும். மே முதல் அக்டோபர் வரை அங்கே பருவமழை, கரையில் சிவப்புக் கொடி. ஆனால் தாய்லாந்து வளைகுடாப் பக்கத்தில் ஜூன் மாதம் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். சமூய் தீவுக்கு விமானம் ஏறாமல், சூராட் தானி வரை இரயிலில் போய்ப் படகு பிடிக்கலாம். நம் கோடை விடுமுறையும் அப்போதுதான். தொகையை முன்வைத்திருந்தால் இதைத் தேடியிருப்போம். அதுவும் முடியாதென்றால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது, காரைநகரில் கசூரினா கடற்கரை இருக்கிறது. அதுவும் வெளிநாடுதான். நான் அதைச் சொல்லியிருக்கலாம். தமிழன் ஊர்ப்பக்கமே இழுக்கிறான் என்பார்களோ என்று சொல்லவில்லை. ஒருவர் பூரியைச் சொன்னார். “தீர்த்த யாத்திரையா?” என்று சிரித்தோம்.

திரும்பி வந்தபோது அந்தத் தோழிக்கு ஃபூகெட் என்று எழுதிய குளிர்சாதனப் பெட்டிக் காந்தம் ஒன்றை வாங்கி வந்தேன். விடுதி அறையில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. இரும்பு அலமாரியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இந்த ஆண்டும் பேச்சு தொடங்கிவிட்டது. அவரை நான்தான் மீண்டும் குழுவில் சேர்த்தேன். இம்முறை இடத்தின் பெயரை யாரும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பேரில் ஆறு பேர் தொகையை அனுப்பிவிட்டார்கள். இதுவரை வந்தவற்றுள் குறைந்தது 9,000. புருஷோத்தம் விரைவு இரயிலில் படுக்கை வகுப்பு இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.