சோரூமுக்குத் தூரமாக இருப்பது குற்றமோ?

புது மோட்டார் சைக்கிள் எடுத்தால் சோரூமில் ஒரு குட்டிப் புத்தகமும் தருவார்கள். முதல் சேர்விஸ் 500 கிலோமீற்றரில், இல்லாட்டி ஒரு மாதத்தில், எது முந்துதோ அது. அதுவும் அவர்கள் சொல்கிற இடத்தில் மட்டும். தவறினால் வொரண்டி போச்சு. கொம்பனிக்குக் கொம்பனி இலக்கம் கொஞ்சம் மாறும், கதை ஒண்டுதான்.

யாழ்ப்பாண ரவுணில் இருக்கிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. காலமை விட்டிட்டுப் பின்னேரம் எடுக்கலாம். எங்களோடு படிக்கிற ஒருத்தியின்ர அப்பா முல்லைத்தீவில் மீன் வியாபாரம் செய்கிறார். வாங்கின சைக்கிளை வீட்டுக்குக் கொண்டு வரவே நூறு கிலோமீற்றருக்கு மேல். முதல் சேர்விசுக்குத் திரும்பப் போக இன்னொரு நூறு. 500இல் கிட்டத்தட்ட அரைவாசி சோரூமைப் பார்க்கப் போய் வந்ததிலேயே முடியுது. ஒரு நாள் வியாபாரமும் போகும். மழைக்குள் 12 நாள் பிந்திப் போனார், அவ்வளவுதான். பிறகு முன் ஷொக் அப்சோபரில் ஓயில் கசிஞ்சபோது "சேர்விஸ் பிந்தினது, வொரண்டி இல்லை" எண்டு திருப்பி அனுப்பினார்கள். முன் ஷொக்குக்கும் எஞ்சின் ஓயிலுக்கும் என்ன சம்பந்தம்?

முதல் சேர்விஸ் தேவையில்லை எண்டு நாங்கள் சொல்லவில்லை. புது எஞ்சின் தேய்ந்து பழகும்போது உலோகத் துகள் ஓயிலில் சேரும், அதை வேளைக்கே மாற்றத்தான் வேணும். ஆனால் அந்த ஓயிலை ஆர் ஊத்தினது எண்டு எஞ்சினுக்குத் தெரியாது. ஊர் கராஜில் அதே ஓயிலை ஊத்தி, திகதியும் மீற்றர் கணக்கும் போட்டுப் பில் தந்தால் ஏன் ஏற்கக் கூடாது? நெடுந்தீவில் இருக்கிறவர் ஓயில் மாற்ற வள்ளத்தில் ஏத்திக் குறிகட்டுவானுக்குக் கொண்டு வர வேணுமோ?

அங்கே சேர்விஸ் நிலையம் திறக்க ஆக்கள் காணாது எண்பார்கள். லீசிங் கட்டுப் பிந்தினால் மட்டும் வீட்டு வாசலுக்கே ஆள் வருது. லீசிங் கொம்பனி வேற, வித்த கொம்பனி வேற எண்டும் சொல்லுவார்கள். கையெழுத்து வாங்கேக்க ரெண்டு பேரும் ஒரே மேசையில்தானே இருந்தவை! மாதத்தில் ஒரு நாள் சேர்விஸ் வான் ஒண்டு பரந்தனால் திரும்பி உள்ளுக்கு வந்தால் என்ன குறைஞ்சு போகும்?

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. ஐந்து வருசம் பழசை ஒட்டிக் கட்டி ஓடின சனம்தான் இப்ப கடன் பட்டுப் புதுசு எடுக்குது. அந்தச் சனத்துக்குச் சட்டமும் பெரிதாகத் துணை நிற்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், உத்தரவாதத்தை மீறி விற்ற பொருளுக்கு எதிராக முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில். இரண்டு வருச வொரண்டி உள்ள ஒரு பொருளுக்கு மூன்று மாதம்! மிச்ச 21 மாதமும் கொம்பனியின்ர நல்ல மனசை நம்பி இருக்க வேண்டியதுதான். இந்த மூன்று மாதக் கணக்கு மாற வேணும், வொரண்டி முடியும் வரை முறையிட விட வேணும்.

அதுவரைக்கும், காசு கட்ட முன்னம் கேளுங்கோ: எங்கட மாவட்டத்தில் ஆர் சேர்விஸ் செய்யலாம், கராஜ் பில் செல்லுமா, எத்தனை நாள் பிந்தலாம். வாய்ப்பேச்சை விடுங்கோ, பில்லிலேயே எழுதி சீல் குத்தச் சொல்லுங்கோ. எழுத மாட்டம் எண்டால் அடுத்த சோரூமுக்குப் போங்கோ. முல்லைத்தீவுக்கு சேர்விஸ் வான் அனுப்புகிற கொம்பனி ஒண்டைக் கண்டால் எங்களுக்கும் அறிவியுங்கோ.