மாற வேண்டியது கோர்ட்டா, அரசு வக்கீலா?

2003-ஆம் வருஷம் நவம்பர் 18-ஆம் தேதி, அப்போது தமிழகத்தின் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே முதல் எதிரியாக நின்ற சொத்துக் குவிப்பு வழக்கைச் சென்னையிலிருந்து எடுத்துக் கர்நாடகத்துக்கு அனுப்பிய சுப்ரீம் கோர்ட்டு, இரண்டு வருஷங்கள்கூடப் பூர்த்தியாகாத நிலையில், 2005 அக்டோபர் 26-ஆம் தேதி, காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திர சரஸ்வதி எதிரியாக நின்ற சங்கரராமன் கொலை வழக்கைச் செங்கல்பட்டிலிருந்து எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்பியது. இரண்டு உத்தரவுகளும் பிறந்த காலத்தில் தமிழகத்தை ஆண்டது ஒரே அரசாங்கம். ஆனால் முதல் மனுவில் சொல்லப்பட்ட குறை, சர்க்கார் தரப்பு எதிரியின்மேல் அளவு மீறிய தயவு காட்டுகிறது என்பது; இரண்டாவது மனுவில் சொல்லப்பட்ட குறை, அதே சர்க்கார் தரப்பு எதிரியின்மேல் அளவு மீறிய துவேஷம் காட்டுகிறது என்பது. கோர்ட்டு இரண்டு அச்சங்களையும் நியாயமானவை என்று ஏற்றுக்கொண்டது. ஒன்றுக்கொன்று நேர்விரோதமான இரண்டு வியாதிகளுக்கு ஒரே சிகிச்சை எப்படிப் பொருந்தியது என்று யோசித்துப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு கிரிமினல் வழக்கை அது பிறந்த ஊரிலிருந்து வேறோர் ஊருக்கு மாற்றும்படி கேட்கும் உரிமை நம் சட்டத்துக்குப் புதிதன்று. 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 526-ஆவது பிரிவாக இருந்தது, 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 407 ஆயிற்று. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 447 ஆகியிருக்கிறது. ஒரு செஷன்ஸ் எல்லைக்குள்ளேயே மாற்ற வேண்டுமானால் செஷன்ஸ் நீதிபதியிடமும், மாநிலத்துக்குள் ஜில்லா விட்டு ஜில்லாவுக்கு என்றால் ஹைகோர்ட்டிலும், மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமானால் சுப்ரீம் கோர்ட்டிலும் மனுப் போட வேண்டும். பிரிவுகளின் எண்கள் மாறினவேயொழிய அளவுகோல் மாறவில்லை. நியாயம் கிடைக்கவே கிடைக்காது என்று மனுதாரர் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி அஞ்சுவதற்குத் தக்க காரணம் இருந்தால் போதும், ஆனால் அஞ்சுகிறேன் என்று வாயால் சொல்வது மாத்திரம் காரணமாகிவிடாது என்று 1966-இல் குருசரண் தாஸ் சத்தா வழக்கில் வகுக்கப்பட்ட நெறிதான் இன்றும் அனுஷ்டானத்தில் இருக்கிறது. பம்பாயில் தம்மேல் தொடரப்பட்ட அவதூறு வழக்கை டில்லிக்கு மாற்றும்படி மேனகா காந்தி கேட்டபோது, கக்ஷிக்காரரின் சௌகரியக் குறைவும் தொட்டாற்சிணுங்கித்தனமும் இடமாற்றத்துக்குப் போதிய காரணங்கள் ஆகமாட்டா என்று சொல்லி 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் மறுத்துவிட்டார். கிருஷ்ணய்யரின் இங்கிலீஷைப் படித்துத் திணறியவர்கள் பலருண்டு. அந்தத் தீர்ப்பின் கருத்தில் திணறுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் இந்தப் பரிகாரம் எந்த மண்ணில் எந்தத் தேவைக்காக வளர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த ரூஜ்லி என்னும் சிற்றூரில் வைத்தியராக இருந்த வில்லியம் பாமர், தம் சிநேகிதரை விஷம் வைத்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டபோது, அந்த ஜில்லா முழுவதும் அவர்மேல் கொதித்துக்கொண்டிருந்தபடியால், அங்கே பொறுக்கியெடுக்கும் எந்த ஜூரியும் நடுநிலையில் உட்காராது என்று கருதி, வழக்கை லண்டன் ஓல்ட் பெய்லிக்குக் கொண்டுவருவதற்காகவே பார்லிமெண்டு 1856-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் ஒக்லஹோமா நகரத்துக் குண்டுவெடிப்பு வழக்கு 1996-இல் டென்வர் நகரத்துக்கு மாற்றப்பட்டதும் இதே காரணத்தினால்தான். அதாவது, தீர்ப்புச் சொல்கிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களின் மனம் கெட்டிருக்கிறது. ஆகவே வேறு ஊர்க்காரர்களிடம் போக வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலோ 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தோடு கிரிமினல் கோர்ட்டுகளில் ஜூரி முறை மறைந்துபோயிற்று. தீர்ப்புச் சொல்லும் நீதிபதி சில வருஷங்களுக்கு ஒரு தரம் ஊர் விட்டு ஊர் மாற்றலாகிப் போகும் உத்தியோகஸ்தர். பெரும்பாலும் அந்த ஜில்லாவில் அவருக்கு வீடும் கிடையாது, உறவும் கிடையாது. அப்படியிருக்க, ஊரோடு ஒட்டிக்கொண்டிருப்பது எது? போலீஸ், அரசு வக்கீல், சாட்சிகள், கோர்ட்டு வாசலில் கூடும் ஜனங்கள். இவற்றில் போலீசும் அரசு வக்கீலும் மாநில சர்க்காரின் கைக்குள் இருப்பவர்கள். நம்முடைய பெரிய இடமாற்ற வழக்குகளில் அநேகமாக விசாரணைக்குள்ளானது நீதிபதியின் மனமல்ல, சர்க்காரின் கைதான் என்பது என் அபிப்பிராயம்.

சொத்துக் குவிப்பு வழக்கில் நடந்ததைப் பாருங்கள். 2000-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசிக்குள் சர்க்கார் தரப்பில் 250 சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, பாக்கியிருந்தவர்கள் பத்துப் பேர்தான். 2001 மே மாதத்தில் ஆட்சி மாறியது. பிறகு, முன்பே சாட்சி சொல்லிவிட்டுப் போன 76 பேர் குறுக்கு விசாரணைக்கென்று மறுபடியும் கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் தாங்கள் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். பின்வாங்கியவர்களைப் பிறழ் சாட்சிகள் என்று அறிவிக்கவோ, மடக்கிக் கேள்வி கேட்கவோ அரசு வக்கீல் வாய் திறக்கவில்லை. எதிரியை நேரில் அழைத்துக் கோர்ட்டு கேட்க வேண்டிய கேள்விகள் எழுத்தில் அவருடைய வீட்டுக்கே அனுப்பப்பட்டபோதும் ஆட்சேபணை எழவில்லை. மாற்றக் கேட்டு மனுப் போட்டவர் தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன். அரசியல் விரோதிக்கு இதில் என்ன சம்பந்தம் என்று எதிர்த்தரப்பு வாதித்தபோது, ஆட்சியைக் காவல் காக்கும் வேலை அரசியல் எதிர்த்தரப்பினருக்கும் உண்டு என்று கோர்ட்டு பதில் சொல்லிற்று. நம் அரசியலில் விரோதத்தினால் விளைந்த நன்மைகள் சொற்பம். அந்தச் சொற்பத்தில் இது ஒன்று.

அந்த உத்தரவின் சாரம் பெங்களூர் என்னும் ஊர்ப் பெயரில் இல்லை. கர்நாடக அரசு, அந்த மாநில ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதியைக் கலந்துகொண்டு, அநுபவம் மிகுந்த கிரிமினல் வக்கீல் ஒருவரை அரசு வக்கீலாக நியமிக்க வேண்டும் என்ற வாக்கியத்தில்தான் இருந்தது. சங்கரராமன் வழக்கிலும் இதே கதைதான். மடத்தின் 183 வங்கிக் கணக்குகளை முடக்கியது, சக எதிரிகள்மேல் குண்டர் சட்டத்தை ஏவியது முதலான காரியங்களைச் சுட்டிக்காட்டி, வழக்கு நடத்தும் சர்க்காரின் போக்கே அச்சத்துக்கு இடம் கொடுக்கிறது என்றது சுப்ரீம் கோர்ட்டு. வழக்கு புதுச்சேரிக்குப் போன பின்னும், அதை நடத்தும் வக்கீலை நியமிக்கும் அதிகாரம் தமிழ்நாட்டுக்கா புதுச்சேரிக்கா என்ற தகராறு எழுந்து, அதுவும் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், வழக்கைப் பெற்றுக்கொண்ட இடத்து அரசுக்கே அந்த அதிகாரம் என்று 2008-இல் முடிவாயிற்று. அவ்வளவுக்குப் பிறகும், சொத்துக் குவிப்பு வழக்கின் மேல்முறையீட்டில், தமிழ்நாடு நியமித்த வக்கீலே கர்நாடக ஹைகோர்ட்டில் சர்க்கார் தரப்புக்காக ஆஜரானார். அந்த நியமனம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2015 ஏப்ரல் 27-ஆம் தேதி தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. வழக்கை விட்டாலும் வக்கீலை விடமாட்டேன் என்று ஒரு சர்க்கார் பதினோரு வருஷம் கழித்தும் பிடித்துக்கொண்டிருந்தது என்றால், பிடி எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு ருசு வேண்டாம்.

இடத்தை மாற்றுவதால் சாட்சியின் மனம் உறுதிப்பட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் புதுச்சேரி விசாரணையின் கணக்கைப் பார்க்க வேண்டும். விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் அங்கேயும் பிறழ்ந்தார்கள்; 2013 நவம்பர் 27-ஆம் தேதி எதிரிகள் அனைவரும் விடுதலையானார்கள். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது இங்கே என் பிரஸ்தாபமல்ல. சாட்சி ஒரு நாள் பஸ் ஏறி வெளியூர்க் கூண்டில் நின்று பேசிவிட்டு, அன்று மாலையே தன் சொந்தத் தெருவுக்குத் திரும்பி வருகிறவன். அவனைப் பயமுறுத்தவோ ஆசை காட்டவோ விரும்புகிறவர்களும் அதே தெருவுக்குத்தான் வருவார்கள்.

இதனால் இடமாற்றமே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்ட மேலவளவு வழக்கு, மதுரைப் பக்கத்திலேயே நடந்திருக்குமானால், சாதிக் கட்டுமானத்தின் பாரம் முழுவதையும் தலையில் சுமந்துகொண்டு தலித் சாட்சிகள் கூண்டேற வேண்டியிருந்திருக்கும். அது சேலத்துக்குப் போனது நியாயம், அங்கே 2001-இல் பதினேழு பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஜம்முவில் கதுவா என்ற இடத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போன போலீசாரை வக்கீல்களே கூட்டமாகத் தடுத்தார்கள். 2018 மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்கைப் பக்கத்து மாநிலத்துப் பதான்கோட்டுக்கு மாற்றி, நாள்தோறும் ரகசியமாக விசாரிக்கச் சொல்லிற்று. ஆனால் அரசு வக்கீலை நியமிக்கும் பொறுப்பை ஜம்மு-காஷ்மீர் அரசிடமே விட்டுவைத்தது. அங்கே கெட்டிருந்தது சூழ்நிலை. சர்க்கார் தரப்பு கெட்டிருக்கவில்லை. எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும் மாற்றிய அந்த விவேகத்தின் பயனாக, பதின்மூன்று மாதங்களில் தீர்ப்பு வந்துவிட்டது. நாள்தோறும் நடத்த வேண்டும் என்றே உத்தரவான சொத்துக் குவிப்பு வழக்குக்கோ, தமிழ்ச் சாட்சியங்களை இங்கிலீஷில் மொழிபெயர்ப்பதும் வாய்தாக்களும் இடைமனுக்களுமாகப் பதினோரு வருஷம் பிடித்தது.

அச்சம் நியாயமாகவே தோன்றினாலும் அது பலிக்காமல் போகலாம் என்பதற்குக் கோயம்புத்தூர் சாட்சி. 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி 58 உயிர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அந்த நகரத்தில் தமக்கு நியாயம் கிடைக்காது என்று எதிரிகளில் ஒருவரான அப்துல் நாசர் மதானி வழக்கை மாற்றக் கேட்டார். சுப்ரீம் கோர்ட்டு 2000-இல் மறுத்தது. அதே கோயம்புத்தூர்க் கோர்ட்டு 2007 ஆகஸ்டு முதல் தேதி அவரை விடுதலை செய்தது. உள்ளூர் நீதிபதி ஊரின் கோபத்துக்கு வசப்படவில்லை. வசப்படாத நீதிபதி தீர்ப்புச் சொல்லும் வரை ஒருவர் ஒன்பது வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார் என்பது, எந்த இடமாற்றத்தாலும் தீராத வேறொரு குறை.

ஆகவே, இடமாற்ற மனு வரும்போது கோர்ட்டு கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, எந்த ஊருக்கு அனுப்பலாம் என்பதல்ல, அரசு வக்கீலை யார் கையிலிருந்து யார் கைக்கு மாற்றினால் போதும் என்பதே. அது சாத்தியமான காரியம்தான். நாமக்கல்லில் நடந்துகொண்டிருந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில், மகனைப் பறிகொடுத்த தாய் சளைக்காமல் ஹைகோர்ட்டுக்குப் போய், வழக்கை மதுரைக்கு மாற்றியதோடு, தாம் நம்பக்கூடிய வக்கீல் ஒருவரே சர்க்கார் தரப்பை நடத்தும்படியும் செய்துகொண்டார். முக்கியமான சாட்சி பிறழ்ந்துவிட்ட பின்னும், திருச்செங்கோட்டு மலைக்கோவிலின் கேமராப் பதிவுகளைக் கொண்டு வழக்கை நிலைநிறுத்தி, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது மதுரை என்ற ஊரல்ல, வழக்கை நடத்திய திறமை. குற்றவியல் வழக்கு நடத்தும் துறைக்கென்று இயக்குநர் பதவி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதவியும் உள்துறையின் நிழலிலேயே இருக்கும்வரை, ஆட்சி மாறும்போதெல்லாம் அரசு வக்கீல்களும் மாறும் வழக்கம் நிற்கப்போவதில்லை. அது நிற்காத வரையில் மாநில எல்லை தாண்டிப் போக வேண்டிய அவசியமும் நிற்காது.

வழக்கு எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், அதன் செலவை யார் தலையில் வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வீணாக இடமாற்றம் கேட்டவர், எதிர்த்து வாதாடியவருக்கு ஆயிரம் ரூபாய் வரை நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிடலாம் என்று 1973-ஆம் வருஷத்துச் சட்டம் எழுதிவைத்தது. இடமாற்றத்தால் நாள்கூலி இழந்து, ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் போய், வாய்தா என்று கேட்டுத் திரும்பி வரும் சாட்சிக்கு எந்த மாநிலம், எவ்வளவு, எப்போது படி கொடுக்க வேண்டும் என்பதை மாநில விதிகளுக்கு விட்டுவிட்டது. இரண்டு மாநிலங்களின் விதிகள் குறுக்கிடும் வழக்கில் அது யாருடைய பொறுப்பும் ஆகாமல் போவது சுலபம். 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அங்கீகரித்த சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், உயிருக்கு ஆபத்துள்ள சாட்சியைக் கவனிக்கிறது. கூலிக்கு ஆபத்துள்ள சாட்சியைக் கவனிக்கவில்லை. பயணப்படியும் ஒரு நாள் கூலியும் சாட்சி சொன்ன அன்றே அந்தக் கோர்ட்டிலேயே கொடுக்கப்பட வேண்டும், பிறகு அதை வழக்கை அனுப்பிய மாநிலத்திடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வரிகள், இடமாற்ற உத்தரவு ஒவ்வொன்றிலும், அரசு வக்கீலின் நியமனத்தைப் பற்றிய வரிக்கு அடுத்தபடியாகவே எழுதப்படலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.