படைப்புத் திரையும் போர்க்களமும்

ஒரு மேஜையில் பாத்திரப் படைப்பும் மற்றொரு மேஜையில் சண்டை முறையும் தனித்தனியே உருவாகி, வெளியீட்டு நாள் நெருங்கும் அவசரத்தில் இரண்டும் ஒன்றாகத் தைக்கப்படும் வழக்கம் நம் வீடியோ விளையாட்டுத் தொழிலில் வேரூன்றிவிட்டது. அதன் பலனாக, ஆடுபவர் ஆரம்பத்தில் அரைமணி நேரம் யோசித்துப் பொறுக்கிய குலமும் குணமும், முதல் சண்டை முடிவதற்குள் அர்த்தமிழந்து வெறும் வேஷமாய் எஞ்சுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இக்குறைக்குப் பரிகாரம் தேடுவோர், ஹிதேதாகா மியாசாகியின் இயக்கத்தில் ஜப்பானிய நிறுவனமான ஃப்ரம்சாஃப்ட்வேர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டை, அதன் கடினத்தைப் பற்றிய கீர்த்தியை ஒரு புறம் ஒதுக்கிவிட்டு, நிதானமாக மறுபடி ஆராய வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

போர்வீரன், திருடன், மந்திரவாதி முதலிய பத்து வகைகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு சிறைக்கூடத்தில் கண்விழிப்பவருக்கு, அவர் எந்த வகையைத் தேர்ந்திருந்தாலும், கையில் இருப்பது முறிந்த வாளின் கைப்பிடி ஒன்றே. அந்த நிலையில் மேலிருந்து குதிக்கும் பேருருவ அரக்கன் தூண் போன்ற தடியை ஓங்கும்போது, பக்கத்தில் திறந்து கிடக்கும் வாசலைக் கண்டு ஓடித் தப்புவதே விவேகம். தப்பிய பின்புதான் அவரவர் வகைக்குரிய ஆயுதம் அவரவர் கைக்கு வருகிறது. அதன் பிறகே மேல்மாடத்திலிருந்து அதே அரக்கன்மீது பாயும் சந்தர்ப்பமும் வாய்க்கிறது. திரையில் தேர்ந்த பெயர் ஒருவரை வீரராக்கிவிடாது என்பதை இதைவிடச் சுருக்கமாக உணர்த்திய ஆரம்பத்தை நாம் அறியோம்.

‘எண்டியூரன்ஸ்’ என்னும் ஒற்றை எண்ணின் அமைப்பு இன்னும் நுட்பமானது. அதை உயர்த்தினால் ஸ்டாமினாவும் வளர்கிறது, சுமக்கும் திறனும் வளர்கிறது. 40ஐத் தொட்டதும் ஸ்டாமினா 160இல் நின்றுவிட, சுமை மட்டுமே கூடிக்கொண்டு போகிறது. வெட்டினாலும், உருண்டாலும், கேடயத்தில் அடி வாங்கினாலும் குறையும் ஸ்டாமினாவின் பச்சைக் கோடு, கேடயத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் வரை மெதுவாகவே நிரம்புவதால், பயந்தவன் எதிரியின் கண்ணெதிரிலேயே கேடயத்தைத் தாழ்த்தி மூச்சு வாங்கும் தைரியத்தைக் கற்றாக வேண்டும். சுமை, திறனில் 25 சதவீதத்துக்குள் இருந்தால் இலகுவாக உருளலாம். 50ஐத் தாண்டினால் மூட்டை சரிவதுபோல் விழுந்து எழ வேண்டும். ஆகவே, பாஸ் அறையின் வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றி வைக்கும் ஒருவர், தம் பாத்திரத்தை அங்கே மறுபடியும் சிருஷ்டிக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

குறையும் உண்டு. ஆரம்பப் பரிசுகளில் ஒன்றான பெண்டன்ட்டால் சண்டையில் யாதொரு பிரயோஜனமும் இல்லை. அதைப் பேட்டியில் சிபாரிசு செய்த மியாசாகியே பிற்பாடு அது பரிகாசம் என்று ஒப்புக்கொண்டார். அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்ற எண்ணில் லெவல்களைச் செலவிட்டவருக்குச் சண்டையில் கிட்டும் பலன் மிக அற்பம்; செலவிட்டதைத் திரும்பப் பெற இவ்விளையாட்டில் வழியும் இல்லை. முன்னது வேடிக்கை, பின்னது, எண்ணம் நல்லதாயினும், வஞ்சனை. கடினமான விளையாட்டு ஆடுபவரை எத்தனை முறை வேண்டுமானாலும் கொல்லலாம். படைப்புத் திரையில் அவரிடம் பொய் சொல்லலாகாது.

தோழர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் படைப்புத் திரையிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் எடுத்துக்கொண்டு, சண்டை அமைக்கும் சக ஊழியரின் மேஜைக்குச் சென்று, இது எந்தக் கணத்தில் ஆடுபவரின் விரலுக்குத் தெரியும் என்று கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாத எண்ணை அன்றைக்கே அழித்துவிடுங்கள்.