கழிவென்று தீர்ப்பவர் யார்?

சென்ற தவணையின் இறுதியில் எமது பாடசாலையின் கணினிக் கூடத்தைப் பார்வையிட வந்த அலுவலர் ஒருவர், அங்கிருந்த பன்னிரண்டு கணினிகளையும் வாசலில் நின்றவாறே நோக்கி, அவை யாவும் கழிக்கத்தக்கவை என்று குறிப்பெழுதிச் சென்றார். ஒன்றையேனும் இயக்கிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெட்டிகளின் முகப்பில் ஒட்டியிருந்த ‘விண்டோஸ் 7’ என்னும் வில்லையே அவருக்குப் போதிய சான்றாயிற்று. அவ்வேளையில் அவற்றுள் ஒன்பது கணினிகளில் உயர்தர வகுப்பு மாணவர் வேலைசெய்து கொண்டிருந்தனர் என்பதை மட்டும் இங்கு குறித்துவைக்கிறோம்.

நாம் கணினி விஞ்ஞானி அல்லோம். தமிழ் பயின்று தமிழ் கற்பிப்பவர். அப்பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத குறையினால் அக்கூடத்தின் திறப்பு எமது கைக்கு வந்தது. ஆயினும் மேற்படி தீர்ப்பை ஒரு தனி அலுவலரின் அவசரம் என்று நாம் கொள்ளவில்லை. அது ஒரு கொள்கை. விற்பவன் வகுத்து, வாங்குபவன் தன் சொந்தக் கருத்தென நம்பி ஒழுகும் கொள்கை. யந்திரம் ஒன்று பழையதா அன்றா என்பதை அதன் நிலையோ அதனைக் கையாள்பவரின் தேவையோ தீர்மானிப்பதில்லை, விற்றவரின் நாட்காட்டியே தீர்மானிக்கும் என்பது அதன் சாரம்.

உதாரணத்துக்குத் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் விண்டோஸ் 10ஐயும் 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் விண்டோஸ் 11ஐயும் வெளியிட்டது. பின்னதனை நிறுவுவதற்கு ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின், ஒரு சில நீங்கலாக, எட்டாம் தலைமுறையினதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததோ 2017இன் பிற்பகுதியில். எனவே 2017இன் தொடக்கத்தில் முழு விலை கொடுத்து வாங்கப்பட்ட கணினி, நாலரை ஆண்டுகளிலே தகுதியற்றது ஆயிற்று. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் நின்றது. பணம் கொடுத்தோ வேறு நிபந்தனைக்கு உடன்பட்டோ சிறிது காலம் தவணை பெறலாமாம். பாதுகாப்புக் கருதியே இவ்விதி என்கின்றனர். பாதுகாப்பு வேண்டாம் என்பார் யார்? ஆனால் அதே யந்திரங்களுக்கு அந்நாள் வரையும் பாதுகாப்புத் திருத்தங்களை அந்நிறுவனமேயன்றோ வழங்கி வந்தது! 13ஆந் திகதி இயன்றது 15ஆந் திகதி இயலாமற் போனதற்கு, யந்திரத்தினுள்ளே நிகழ்ந்த மாற்றம் யாது?

இவ்விடத்தில் எமது துறையினர் சிலர் நன்னூலாரைத் துணைக்கழைப்பதுண்டு. பழையவை நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்று அவர் கூறியது உண்மையே. ஆனால் அதற்குக் காரணமாக அவர் காலத்தையல்லவோ சுட்டினார்! மொழியில் ஒரு சொல் வழக்கொழிவது மக்கள் அதனைப் பேசாது விடுவதால். எவனோ ஒரு வணிகன் அதனை விநியோகிக்க மறுப்பதால் அன்று.

கணினியில் இத்தீர்ப்பு நிறைவேற்றப்படும் இடத்தைச் சற்று அணுகி நோக்குவோம். பணிசெயல் முறைமை எனப்படுவதன் நடுவே கேர்னல் என்றொரு பகுதி உண்டு. செயலியின் நேரத்தை நிரல்களுக்குப் பங்கிடுவதும், நினைவகத்தைப் பிரித்தளிப்பதும், வன்தட்டு, திரை, வலையமைப்பு அட்டை முதலிய உறுப்புகளை இயக்குவதும் அதன் வேலை. ஓர் உறுப்பை இயக்கும் செலுத்தி நிரல் கேர்னலில் இல்லையாயின் அவ்வுறுப்பு எத்துணை நல்ல நிலையிலிருப்பினும் பயனில்லை. விண்டோஸின் கேர்னல் மூடிய பெட்டி. அதனுள் எது நிற்கும், எது நீங்கும் என்பதைத் தீர்மானிப்பது நிறுவனம். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கேர்னல் அத்தகையதன்று. அதன் மூல நிரல் யாவர்க்கும் திறந்தது. அதனைத் தத்தம் யந்திரத்துக்கேற்ப உள்ளமைத்துத் தொகுத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு.

இவ்வேலையை மந்திரமென்று எண்ணி அஞ்சுவோர் பலர். ஆதலின் அதனை விரித்துரைப்பது அவசியம். மூல நிரலை இறக்கி, ஒரு கட்டளை கொடுத்தால், திரையில் ஒரு பட்டியல் விரியும். அதிலுள்ள வினாக்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை. செலுத்திகளைப் பொறுத்தவரை விடை பெரும்பாலும் மூன்றிலொன்று: கேர்னலுடன் சேர்த்துக் கட்டு, வேண்டும்போது ஏற்றத்தக்க தனிக்கூறாக்கு, விட்டுவிடு. விடைகள் அனைத்தும் ஒரேயொரு எழுத்துக் கோப்பிற் பதியும். அதனை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், அயற் பாடசாலைக்குக் கொடுக்கலாம். எமது கூடத்துக் கணினிகள் 2010ஆம் ஆண்டளவில் ஓர் அலுவலகத்துக்கெனச் செய்யப்பட்ட பணிநிலையக் கணினிகள். 4 ஜிகாபைற் நினைவகம் உடையவை. உலகிலுள்ள எல்லா ஒலி அட்டைக்கும், எல்லா வலையமைப்பு அட்டைக்கும் உரிய செலுத்திகள் அவற்றுக்கு எதற்கு?

முதல் முயற்சியில் நாமும் மாணவரும் கத்தரிக்கோலுடன் இறங்கிய தையற்காரர் போல வெட்டித் தள்ளினோம். வன்தட்டில் உள்ள கோப்புகளை வாசிக்கும் பகுதியையே வெட்டிவிட்டமை, கணினி பாதி வழியில் நின்று, வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று அறிவித்தபோதுதான் தெரிந்தது. பழைய கேர்னலை அழிக்காது வைத்திருந்தமையால் அதனையே தெரிந்து மீண்டும் இயக்கினோம். இவ்வேலையில் இறங்கும் ஆசிரியர் எவரும் அந்த ஒன்றை மட்டும் மறத்தலாகாது. அடுத்த முறை, அக்கணத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் கூறுகளை மாத்திரம் நிறுத்தி ஏனையவற்றை நீக்கித் தரும் வழியைக் கையாண்டோம். அவ்வழி 2009இன் இறுதியில் வந்த பதிப்பு முதலே கேர்னலில் உண்டு. அதிலும் ஒரு பிழை. பட்டியல் எடுத்தவேளை எவரும் சேமிப்புக் குச்சி செருகியிருக்கவில்லை. ஆகவே புதிய கேர்னலுக்கு அது இன்னதென்றே தெரியவில்லை. மாணவர் தம் குச்சிகளைச் செருகிச் செருகிப் பார்த்து எம்மை நோக்கினர். மூன்றாம் முறை சரிவந்தது. முழுப் பட்டியலுடன் ஓர் இரவை விழுங்கிய தொகுப்பு, இப்போது மதியத்துக்கும் பாடசாலை விடுவதற்கும் இடையில் முடிகிறது.

மிகைபடக் கூறல் எமது நோக்கமன்று. கேர்னலைச் சுருக்கியதால் கணினி இளமையடைந்துவிடவில்லை. அதனால் மீந்த நினைவகம் சிறிதே. நினைவகத்தைத் தின்பவை மேலே ஓடும் இணைய உலாவியும் அலங்காரத் திரைகளும். அவற்றுக்கு எளிய மாற்றுகளை நிறுவியதாலேயே வேகம் கூடிற்று. கேர்னல் வேலையால் விளைந்த பயன் வேறு. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகாத முறைமையொன்று அந்த யந்திரங்களுக்குக் கிடைத்தது; அதனுள்ளே என்ன இருக்கிறது என்பது பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. உயர்தரப் பாடத்திட்டத்தில் பணிசெயல் முறைமை பற்றி ஓர் அலகு உண்டு. நினைவக முகாமைத்துவத்துக்கு வரைவிலக்கணத்தை மனனஞ் செய்து எழுதிப் புள்ளி பெறுகிறார்கள். அதனைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர்?

மூல நிரலின் அடைவுகளைப் புரட்டிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் அங்கே ‘அல்பா’ என்ற பெயரைக் கண்டு, அது யாதென வினவினான். அக்கதை எமது வாதத்துக்கு இன்றியமையாதது. அல்பா, டிஜிட்டல் ஈக்குவிப்மென்ட் கோப்பரேஷன் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட 64 பிற் செயலி. அதன் காலத்துப் பணிநிலையக் கணினிகளில் வேகத்துக்குப் பேர்போனது. லினக்ஸ் இன்டெல் செயலிகளுக்கு அப்பாலும் ஓடப் பழகியது பெரிதும் அதனாலேயே. டோர்வால்ட்ஸ் தாமே அதற்கெனக் கேர்னலைத் திருத்தியமைத்தார். 1995இல் வந்த 1.2ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. 1998இல் டிஜிட்டலைக் கொம்பாக் வாங்கிற்று. 2001இல் கொம்பாக், அல்பாவைக் கைவிட்டு இன்டெலின் ஐட்டேனியத்துக்கு மாறப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டு கொம்பாக்கை ஹியூலெட் பக்கார்ட் விழுங்கியது. 2007உடன் அல்பாக் கணினிகளின் விற்பனை முடிந்தது. வருங்காலம் ஐட்டேனியத்துக்கே என்றனர். அந்த வருங்காலத்தின் இறுதிச் சரக்கு 2021இல் அனுப்பப்பட்டது. 2024 சனவரியில் வெளியான 6.7ஆம் பதிப்பில் லினக்ஸ் கேர்னலிலிருந்தும் ஐட்டேனியம் நீக்கப்பட்டது. அதே ஆண்டு நடுப்பகுதியில் அல்பாவின் மிக முந்திய மாதிரிகளும் நீக்கப்பட்டன. ஆனால் பிந்திய மாதிரிகள் அதன் பின்னும் எஞ்சி நின்றன. கொல்ல வந்தது முன்னே போயிற்று. கொல்லப்பட்டது கேர்னலில் இருந்தது! கணக்கேடுகளிற் செத்ததை உயிரோடு வைத்திருந்தவர் யார்? அதனைப் பயன்படுத்தியோரும், அதற்காக உழைத்த நிரலாளருமே. 1993இல் தோன்றிய நெற்பி.எஸ்.டி. என்னும் முறைமையினர் அல்பாவுடன், ஸ்பார்க், வாக்ஸ் ஆகியவற்றையும் பேணி வந்துள்ளனர்.

எமது முற்போக்கு நண்பர்களிடமிருந்தும் இரு மறுப்புகள் வந்தன. செல்வந்த நாடுகள் தம் குப்பையை ஏழை நாடுகளிற் கொட்டுவதற்கு நாம் நியாயம் கற்பிக்கிறோம் என்பது ஒன்று. குப்பை கொட்டப்படுவது உண்மை. அதனை எதிர்க்க வேண்டியதும் உண்மை. ஆனால் கையிலுள்ள நல்ல கருவியை அவர்களின் சொற்கேட்டுக் குப்பையாக்குவது அவ்வெதிர்ப்பின் எந்த வகை? பன்னிரண்டில் மூன்று உண்மையாகவே செத்தவை. மின்கொள்ளளவிகள் வீங்கி வெடித்தவை. அவற்றைக் கழிக்குமாறு எழுதியவர் நாமே. 2022ஆம் ஆண்டில் சில வாரங்களுள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதைக் கண்ட நாட்டில், எஞ்சிய ஒன்பதையும் எறிந்துவிட்டுப் புதியவற்றுக்குக் காத்திருப்பது எத்தனை வகுப்புப் பிள்ளைகளின் காலம் என்பதையும் அவர்கள் கணக்கிட வேண்டும்.

மற்றது இதற்கு நேர்மாறானது. திறந்த மூல நிரல் இருக்கையில் எதற்குக் கவலை, அது எதனையும் கைவிடாது என்பர் சிலர். இது பக்தி. 2012 டிசம்பரில் லினக்ஸ் கேர்னலிலிருந்து 386 செயலிக்கான ஆதரவு நீக்கப்பட்டது. டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியது அவ்வகைச் செயலி ஒன்றிலேயே! 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிற் இன்டெல் கணினிகளுக்கான கேர்னலையும் நிறுவியையும் வழங்காது விட்டது. அங்கும் யந்திரங்கள் கைவிடப்படுகின்றன. வேறுபாடு எதிலெனின், காரணம் வெளிப்படையாக விவாதிக்கப்படுகிறது. பேணுவதற்கு ஆளில்லை, உழைப்பு வீணாகிறது என்பதே பெரும்பாலும் காரணம். விட்டுச்சென்ற மூல நிரலும் பூட்டப்படுவதில்லை. ஆனால் உழைக்கக் கையில்லாதவனுக்கு அத்திறந்த கதவால் யாது பயன்? எமது பிள்ளைகள் அக்கைகளைப் பெறாவிடின், இன்று நிறுவனம் கழிவென்று தீர்ப்பதை நாளை வேறொருவர் தீர்ப்பார். நாம் குறிப்பேட்டிற் கையொப்பமிடுவோம்.

பொருட் கணக்கெடுப்புக் குழு அடுத்த மாதம் வருவதாக அறிவித்துள்ளது. ஒன்பது கணினிகளினதும் உள்ளமைவுக் கோப்புகளை, ஒவ்வொன்றிலும் பொருத்தப்பட்ட உறுப்புகளின் விபரத்துடன் அச்சிட்டு, அதிபர் மூலம் குழுவுக்கு அனுப்பியுள்ளோம். அன்று குழுவினர் வாசலில் நில்லாது உள்ளே வந்து, ஏதேனும் ஒரு கணினியின் முன் பத்து நிமிடம் அமர்ந்து வேலைசெய்து பார்க்க வேண்டும் என்று கடிதத்திற் கேட்டுள்ளோம். கேட்பவற்றுக்கு விடைகூற உயர்தர மாணவர் இருவர் கூடத்தில் இருப்பர்.